பேஸ் ஒழுகும் சந்து

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நானும் தம்பியும் ஒரே கடையில, ஒரே மாடல், 600 ரூபாய்க்கு ஆளுக்கொரு இயர்போன் வாங்கினோம். அவனுக்கு அதிருது. எனக்குத் தகர டப்பாவைத் தட்டுற மாதிரி இருக்கு. ரெண்டு பேரும் மாத்திப் போட்டுப் பார்த்தோம், அப்பவும் அவனுக்கு அதிருது, எனக்கு டப்பாதான். என் காதுல கோளாறா?"

இல்லை. ஆனால் மாற்றிப் போட்டுப் பார்த்தது நல்ல காரியம். பாதி விடை அதிலேயே வந்துவிட்டது. இயர்போன் கை மாறியும் குறை இவரிடமே தங்குகிறதென்றால் குறை இயர்போனில் இல்லை. இவருடைய காதுக்கும் இயர்போன் முனையில் மாட்டியிருக்கும் சின்ன ரப்பருக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. மயிரிழை அகலம் இருந்தாலே போதும், பேஸ், அதாவது அடியில் அதிரும் தாழ்ந்த ஒலி, அவ்வளவும் அதன் வழியாக ஒழுகிவிடும்.

ஒலி என்பது காற்றழுத்தம் ஏறி இறங்குவது. தாழ்ந்த சுருதிக்கு அலைநீளம் அதிகம். இது பள்ளிக்கூடத்துப் பாடம். 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் நம்மூர் வெயிலில் கிட்டத்தட்ட 7 மீட்டர். காதுக்குழாயின் நீளமோ இரண்டரை சென்டிமீட்டர். 7 மீட்டர் அலை இரண்டரை சென்டிமீட்டருக்குள் எப்படி ஓடும்? ஓடாது. அடைத்த காதுக்குள் பேஸ் ஓர் அலையாகப் பயணம் செய்வதே இல்லை. உள்ளே சிறைப்பட்ட காற்று முழுவதும் ஒரே நேரத்தில் அமுங்குகிறது, ஒரே நேரத்தில் தளர்கிறது. இயர்போன் இங்கே ஸ்பீக்கர் வேலை செய்வதில்லை, பம்ப் வேலை செய்கிறது.

நம்பிக்கை வரவில்லையென்றால் மெடிக்கல் ஷாப்பில் 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள், ஊசி வேண்டாம். பிஸ்டனை 5 வரை இழுத்து, முனையை விரலால் இறுக்கி மூடிக்கொண்டு அழுத்துங்கள். கொஞ்ச தூரம் போகும், பிறகு எதிர்த்து நிற்கும், கையை எடுத்தால் பின்னால் குதிக்கும். இப்போது விரலைத் துளி தளர்த்திக்கொண்டு மெதுவாக அழுத்துங்கள். உஸ்ஸென்று காற்று கசிந்துபோகும். எதிர்ப்பே இருக்காது. அதே தளர்ந்த விரலோடு, இந்த முறை சட்டென்று ஒரு குத்து குத்துங்கள். அந்த நொடியில் பிஸ்டன் முட்டுவது கையில் தெரியும். ஓட்டை அதேதான். மெதுவாகத் தள்ளும்போது காற்றுக்கு வெளியேற அவகாசம் இருந்தது, வேகமாகக் குத்தும்போது இல்லை.

50 ஹெர்ட்ஸ் என்றால் இயர்போனுக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் சவ்வு ஒவ்வொரு தள்ளுக்கும் நொடியில் நூறில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. சந்துக்குள் இருக்கும் காற்றுக்கு அது தாராளமான நேரம், நழுவிவிடும். 5000 ஹெர்ட்ஸில் ஒரு தள்ளுக்குக் கிடைப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடி. சந்துக் காற்று நகரத் தொடங்குவதற்குள் சவ்வு திரும்பி வந்துவிடும். அதனால்தான் ஓட்டை உள்ள காதில் ஜால்ரா துல்லியமாகக் கேட்கிறது, பாடகரின் 'ஸ' காதைக் குத்துகிறது, ஆனால் கானாவில் டோலக்கின் பெரிய முகம் மட்டும் காணாமல் போகிறது. மொத்தச் சத்தம் குறைந்தது போலத் தோன்றாது. அடி மட்டும் உருவப்பட்டிருக்கும்.

இதில் எனக்குத் தெவிட்டாத கணக்கு ஒன்று உண்டு. 94 டெசிபல் சத்தம் என்பது 1 பாஸ்கல் அழுத்த மாற்றம், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. அடைத்த காதுக்குள் மிஞ்சும் இடத்தையும் செவிப்பறையின் இளக்கத்தையும் சேர்த்து 2 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றை 94 டெசிபலுக்கு அமுக்க அதன் கொள்ளளவை 0.014 கன மில்லிமீட்டர் மாற்றினால் போதும். 10 மி.மீ. விட்டமுள்ள சவ்வு அதற்காக நகரவேண்டிய தூரம் சுமார் 0.2 மைக்ரான், தலைமுடிப் பருமனில் சில நூறில் ஒரு பங்கு. அதே 50 ஹெர்ட்ஸை அதே அளவுச் சத்தத்தில் திறந்த வெளியில் ஒரு மீட்டர் தள்ளிக் கேட்க வேண்டுமானால், ஒவ்வோர் அசைவுக்கும் ஏறத்தாழ 100 கன சென்டிமீட்டர் காற்றை, ஒரு காபி டம்ளர் அளவு, முன்னும் பின்னும் தள்ளியாக வேண்டும். ஆடி மாதக் கூழ் ஊற்றும் திருவிழாவுக்குத் தெருவை அடைத்துப் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் அடுக்குவது இதற்காகத்தான். அந்தப் பெட்டிகள் செய்வதை ஒரு பட்டாணி அளவு இயர்போன் செய்கிறதென்றால் அதன் ரகசியம் காந்தத்தில் இல்லை, அடைப்பில் இருக்கிறது. அடைப்பு போனால், தலைமுடியில் சில நூறில் ஒரு பங்கு அசையும் அந்தச் சவ்வு தெருவில் நின்று டம்ளர் டம்ளராகக் காற்றைத் தள்ளவேண்டிய நிலைக்கு வந்துவிடும். 600 ரூபாய் இயர்போனால் அது முடியாது, 60,000 ரூபாய் இயர்போனாலும் முடியாது.

சரி, சந்தை அடைப்பது எப்படி?

ரப்பர் வட்டம், காதுக்குழாய் நீள்வட்டம், போதாததற்கு உள்ளே ஒரு வளைவு. அதோடு இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என மூன்று ஜோடி வரும்; முக்கால்வாசிப் பேர் மாட்டி வந்த நடுத்தரத்தையே கடைசிவரை போட்டுக்கொண்டிருப்பார்கள். வலது காதுக்கு நடுத்தரமும் இடது காதுக்குப் பெரியதும் தேவைப்படுவது சகஜம்.

போடும் விதமும் உண்டு. வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுங்கள். குழாயின் வளைவு நிமிரும். அந்த நிலையில் இயர்போனை லேசாகத் திருகிக்கொண்டே உள்ளே விட்டு, பிறகு மடலை விடுங்கள். குழாய் ரப்பரைச் சுற்றித் தானே கவ்வும். அடுத்தது சோதனை. போனில் 50 ஹெர்ட்ஸ் டோன் என்று தேடினால் கிடைக்கும். சத்தத்தைக் குறைவாக வைத்து ஓடவிட்டு, இயர்போனை விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். சத்தம் கூடினால் அதுவரை கசிந்துகொண்டிருந்தது என்று பொருள். அழுத்தியும் மாறவில்லையென்றால், லேசாக வெளியே இழுத்துப் பாருங்கள். டோன் பொசுக்கென்று அணைந்தால் அடைப்பு சரியாக இருந்திருக்கிறது. அடுத்து வாயை அகலத் திறந்து மூடுங்கள். தாடை அசையும்போது குழாயின் வடிவமும் மாறும். பேசினாலே, மென்றாலே பேஸ் வந்து வந்து போகிறதென்றால் ஓர் அளவு பெரிய ரப்பருக்குப் போகலாம்.

பெரியதைப் போட்டுப் பத்து நிமிடத்தில் வலித்தால் அளவு தப்பு, பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி வலிப்பவர்களுக்கு ஃபோம் டிப், ரப்பருக்குப் பதில் மாட்டும் பஞ்சு போன்ற முனை. விரலால் உருட்டி மெலிதாக்கி, உள்ளே வைத்து, அது உப்பும்வரை 20 நொடி பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த 20 நொடியைப் பலரும் கொடுப்பதில்லை. பிறகு 'ஃபோம் சரியில்லை' என்பார்கள். அடைப்பில் ஃபோமை மிஞ்ச ஆளில்லை. உயர் சுருதி மட்டும் சற்று மங்கும். வியர்வையில் சில மாதத்தில் கெட்டியாகிவிடும், கழுவிப் புதுப்பிக்க முடியாது. பாரிமுனை பர்மா பஜாரில் சிலிகான், ஃபோம் இரண்டுமே தனியாகக் கிடைக்கும். வாங்கும்போது இயர்போனைக் கையில் கொண்டுபோய் அதன் மூக்கில், அதாவது ரப்பர் மாட்டும் குழலில், மாட்டிப் பாருங்கள். ரப்பரின் துளை பெரிதாக இருந்தால் அது காதுக்குள்ளேயே தங்கிவிடும்.

அடைப்பு சரியானதும் புதுக் குறை ஒன்று வரும்: நம் குரலே கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும், நடந்தால் காலடி 'தொம் தொம்' என்று தலைக்குள் இடிக்கும். இது கோளாறு இல்லை. நாம் பேசும்போதும் நடக்கும்போதும் எலும்பு வழியாகக் காதுக்குழாயின் சுவர் அதிர்கிறது. திறந்த காதில் அந்தத் தாழ்ந்த அதிர்வு வெளியே ஒழுகிவிடும், அடைத்த காதில் மாட்டிக்கொள்ளும். நம்முடைய சிரிஞ்ச்தான் இது, பிஸ்டன் மட்டும் இடம் மாறியிருக்கிறது.

இனி இயர்போனின் உடம்பைப் பாருங்கள். மூக்குக்குப் பக்கத்தில் குண்டூசி முனை அளவு ஒரு துளை இருக்கும். அதுவும் ஓட்டைதானே என்றால், ஆமாம், வேண்டுமென்றே விட்ட ஓட்டை. காதில் செருகும்போது உள்ளே சிக்கும் காற்று வெளியேற வழி வேண்டும். வழியில்லாவிட்டால் சில மைக்ரான் தடிமனே உள்ள பிளாஸ்டிக் சவ்வு மடங்கி, பாலிதீன் கவரைக் கசக்கியது போல 'கிறுக்' என்று சத்தம் போடும். நன்றாக அடைத்த பிறகும் பேஸ் போதவில்லை என்பவர்கள், மருத்துவமனைகளில் ஒட்டும் வெள்ளைக் காகித டேப்பில் 2 மி.மீ. துண்டு வெட்டி அந்தத் துளையின் பாதியை மூடிப் பார்க்கலாம். காகித டேப்பில் காற்று கொஞ்சம் ஊடுருவும், அதனால்தான் அது. செலோ டேப் கூடாது. முழுக்க அடைத்தால் பேஸ் வீங்கி, குரல் போர்வைக்குள் புகுந்துவிடும், செருகும்போதெல்லாம் சவ்வு கிறுக்கும். வயரில்லாத இயர்பட்ஸாக இருந்தால் அது மைக் துளையா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் நாளாக நாளாகச் சத்தம் குறைகிறதா? பத்தில் எட்டுக்கு மூக்கு வாயிலில் உள்ள வலையில் காது மெழுகு. ரப்பரைக் கழற்றி, வலை தரையைப் பார்க்கும்படி பிடித்து, காய்ந்த மென்மையான டூத் பிரஷ்ஷால் கீழிருந்து தட்டுங்கள். ஊசியால் குத்தினால் வலை கிழியும், வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். ராயபுரம், காசிமேடு பக்கம் உப்புக்காற்றும் உண்டு. வியர்வையோடு அது சேர்ந்தால் ஜாக்கில் பச்சை பூக்கும். தங்க முலாம் பூசிய ஜாக் சத்தத்தைக் கூட்டும் என்று பெட்டியில் போடுவது கதை. கடற்கரையோரம் அது துருப்பிடிக்காது என்பது நிஜம். இரவில் இயர்போனை ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பது அதைவிடப் பெரிய உபகாரம். ரப்பரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். புழுக்கமான ஊரில் அடைத்த காது ஈரமாகவே இருந்தால் பூஞ்சை பிடிக்கும். அரிப்பு வந்தால் ஹேர்பின்னை எடுக்காதீர்கள், ஸ்டான்லி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது.

பாட்டில் இசை கேட்கிறது, பாடகர் மட்டும் காணோம் என்றால் அது தனி வியாதி. ஜாக்குக்குள் பொதுவான கிரவுண்ட் வயர் அறுந்திருக்கும். அப்போது இரண்டு இயர்போனும் வரிசையாக இணைந்து, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஒலிக்கும். குரலை இரண்டு பக்கமும் சமமாகப் பதிவு செய்வதால், கழித்தால் மிச்சம் பூஜ்யம். ஜாக்கை வெட்டிப் புதிது பற்றவைத்தால் சரியாகிவிடும். உள்ளே இருக்கும் நூல் போன்ற கம்பிகளுக்கு மேல் எனாமல் பூச்சு உண்டு, அதை சால்டரிங் அயர்ன் சூட்டில் எரித்துவிட்டுப் பற்றவைக்க வேண்டும். எரிக்காமல் வைத்தால் ஈயம் ஒட்டாது, வேலை வீண்.

'புது இயர்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டால் சவ்வு பழகும்' என்பது எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டி ஏற்றுவது மாதிரி. பழகுவது பெரும்பாலும் கேட்பவரின் மூளைதான். 40,000 ஹெர்ட்ஸ் ஸ்டிக்கருக்கும் காசு கொடுக்காதீர்கள். மனிதக் காதின் எல்லையே 20,000, நாற்பது வயதில் அதுவும் இருக்காது. ஈக்வலைசரில் பேஸை ஏற்றிக்கொண்டே போவதும் கசிவுக்கு மருந்தில்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீரை வேகமாக ஊற்றுகிற வேலை அது. அடைப்பு சரியான பிறகு, காதைக் குத்தும் 8000 ஹெர்ட்ஸை 3 டெசிபல் இறக்கினால் பெரும்பாலான மலிவு இயர்போன்கள் சாந்தமாகிவிடும்.

எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு. இயர்போன்களையும் காது கேட்கும் கருவிகளையும் சோதிக்க உலகம் பயன்படுத்தும் கெமார் என்ற பொம்மையை அமெரிக்காவின் நோல்ஸ் நிறுவனம் 1972இல் உருவாக்கியது, சராசரி வளர்ந்த ஆளின் அளவுகளை வைத்து. மைசூரில் 1965 முதல் பேச்சு, செவிப்புலனுக்கென்றே தேசிய நிறுவனம் நடத்தும் நாடு இது. நம்மூர்ப் பிள்ளைகளின் காதுகளை ஆயிரக்கணக்கில் அளந்து பொதுவில் வைக்க ராக்கெட் விடும் செலவா ஆகும்? செவியியலுக்கு நிதி கேட்டால்தான் கை சுருங்குகிறது.

தலையில் மாட்டும் பெரிய ஹெட்போனுக்கும் இதே விதிதான். அங்கே சந்து போடுவது மூக்குக் கண்ணாடியின் கம்பி. மெல்லிய கம்பி உள்ள கண்ணாடியும் மெத்தென்ற குஷனும் பாதிக் குறையைத் தீர்க்கும். தலையை நெரித்தால், தலையைவிடச் சற்று அகலமான புத்தக அடுக்கில் ஓர் இரவு மாட்டி வையுங்கள். அதற்கு மேல் விரித்தால் பிடி தளர்ந்து அங்கேயும் கசியும்.

கும்மிடிப்பூண்டி ரயிலிலும் எண்ணூர் சாலையின் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலும் சத்தத்தை ஏற்றுவதற்குக் காரணம், இன்ஜின் உறுமல் முதலில் பாட்டின் பேஸை விழுங்குவது. ரப்பர் நன்றாக அடைத்தால் வெளிச்சத்தம் 15 டெசிபலாவது குறையும், வால்யூமை அந்த அளவு இறக்கிக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 89க்குப் போனால் மிஞ்சுவது வாரத்துக்கு 5 மணி நேரம், தினமும் போய்வரும் ரயில் பயணத்துக்கே பற்றாது. ஆனால் அவ்வளவு நன்றாக அடைத்த காதுக்கு ஹாரனும் கேட்காது. கொருக்குப்பேட்டை போலத் தண்டவாளம் குறுக்கிடும் இடங்களில் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத்தான் கடக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை வாசகருக்கு: பெட்டியைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதன் அடியில் ஒரு சின்னக் கவரில் பெரிய ரப்பர் இரண்டு இருக்கும். முதலில் ஒரு காதுக்கு மட்டும் மாற்றி, 50 ஹெர்ட்ஸை ஓடவிட்டுப் பாருங்கள்.