இழப்பீட்டுக்கு உச்சவரம்பு: இங்கிலாந்துச் சட்ட ஒப்பந்தங்களில் ஓட்டை எங்கே விழுகிறது?

விலை, டெலிவரி தேதி, எத்தனை நாளில் பணம் வரும் என்பதையெல்லாம் வாரக்கணக்கில் பேசி முடித்துவிட்டு, கையெழுத்துக்கு முந்தின நாள் மாலை ஒப்பந்தத்தை என்னிடம் அனுப்புகிறவர்கள்தான் அதிகம். "சும்மா ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க சார்" என்பார்கள். நான் முதலில் தேடுவது பொறுப்பு வரம்பு விதியை. ஏதாவது கோளாறு நடந்தால் எதிர்த்தரப்புக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க வேண்டிவரும் என்று சொல்லும் பகுதி அது. பெரும்பாலும் வேறொரு ஒப்பந்தத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டி, தொகையை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

தொகையைப் பற்றி மட்டும் வழக்கு வருவது குறைவு. அதைச் சுற்றியுள்ள வாசகம்தான் நீதிமன்றம் வரை போகிறது.

நம்மவர்களுக்குப் பழக்கமான பெயரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பிரிட்டனில் மின்சாரம் விற்கும் டிராக்ஸ் எனர்ஜி சொல்யூஷன்ஸ், அதற்கு மென்பொருள் சேவை தர ஒப்புக்கொண்ட விப்ரோ இடையே லண்டன் உயர் நீதிமன்றத்தில் 2023-ல் தீர்ப்பான வழக்கு. கோரிக்கை எழுந்த நாளுக்கு முந்தைய 12 மாதக் கட்டணத்தில் 150 சதவீதம், இதுதான் வரம்பு. இது எல்லாக் கோரிக்கைகளுக்கும் சேர்த்தா, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியா என்பது தெளிவாக எழுதப்படவில்லை. சேர்த்து என்றால் வரம்பு சுமார் 1.15 கோடி பவுண்டு. டிராக்ஸ் கேட்டதோ மொத்தம் 3.1 கோடி பவுண்டு. 'எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரம்புதான்' என்று நீதிபதி விப்ரோ பக்கம் முடிவு செய்தார். "அனைத்துக் கோரிக்கைகளுக்கும் மொத்தமாக" என்று அழுத்தமாக ஒரு வரி இருந்திருந்தால் அந்த வாதத்துக்கே இடமிருந்திருக்காது.

அடுத்தது, வரம்புக்கு வெளியே எதையெல்லாம் வைக்கிறோம் என்பது. மோசடிப் பொறுப்பை எந்த வாசகத்தாலும் தட்டிக்கழிக்க முடியாது. அதனால் அது வெளியே நிற்பது சரி. சிக்கல், அந்தப் பட்டியலில் பழக்கதோஷத்தில் "கவனக்குறைவு" என்பதையும் சேர்த்துவிடுவது. டிரிப்பிள் பாயிண்ட் என்ற மென்பொருள் நிறுவனத்துக்கும் தாய்லாந்தின் பிடிடி நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 2021-ல் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. வேலையை உரிய திறமையோடும் கவனத்தோடும் செய்யவேண்டும் என்ற ஒப்பந்தக் கடமையை மீறுவதும் கவனக்குறைவில் அடங்கும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். சேவை ஒப்பந்தங்களில் வரும் கோரிக்கைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்பது என் அனுபவம். அப்புறம் வரம்பு எதற்கு மிஞ்சும்? வரைவில் அந்தச் சொல்லைப் பார்த்தால், ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். சேவை தருபவர் நீங்களென்றால் எடுக்கச் சொல்லுங்கள்.

"மறைமுக, தொடர் இழப்புகளுக்குப் பொறுப்பில்லை" என்ற வரி ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். வாடிக்கையாளரின் லாப நஷ்டம் மொத்தமும் இதில் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. 1854-ல் குளோஸ்டர் மாவு ஆலை ஒன்றின் உடைந்த கிராங்க்‌ஷாஃப்ட்டில் தொடங்கிய ஹாட்லி எதிர் பாக்ஸெண்டேல் வழக்கு இழப்பை இரண்டாகப் பிரித்தது. இயல்பாக, யாரும் எதிர்பார்க்கக்கூடிய இழப்பு ஒன்று. விசேஷச் சூழ்நிலையால் வருவது இன்னொன்று. அந்த வரி பொதுவாக இரண்டாவதை மட்டுமே விலக்குகிறது என்றே ஆங்கிலேய நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் படித்து வந்திருக்கின்றன. ஒரு கடையின் பில்லிங் மென்பொருள் நின்று வியாபாரம் போனால், அந்த லாப இழப்பு முதல் வகையிலேயே விழலாம். லாப இழப்பை விலக்க வேண்டுமென்றால் பெயர் சொல்லித் தனியாக விலக்குங்கள்.

பெயர் சொல்லி விலக்கினாலும் சொன்னது மட்டும்தான் வெளியே போகும். கோ-ஆப் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஐபிஎம் செய்ய வேண்டியிருந்த ஐடி திட்டம் முறிந்த வழக்கில், விதி லாபம், வருவாய், சேமிப்பு ஆகியவற்றின் இழப்பை விலக்கியிருந்தது. திட்டத்துக்காகப் போட்டு வீணான செலவு என்று எங்கும் சொல்லவில்லை. 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் செலவைக் கேட்கலாம் என்றது. 8 கோடி பவுண்டு அளவில் ஐபிஎம் தலையில் விழுந்தது.

வாசகம் சரியாக இருந்தாலும் நியாயம் என்ற சோதனை இருக்கிறது. 1977-ம் ஆண்டு அன்ஃபேர் கான்ட்ராக்ட் டெர்ம்ஸ் (நியாயமற்ற ஒப்பந்த விதிகள்) சட்டப்படி, கவனக்குறைவால் மரணமோ உடற்காயமோ ஏற்பட்டால் பொறுப்பை விலக்கவே முடியாது. மற்றக் கவனக்குறைவு இழப்புகளுக்கும், உங்கள் அச்சடித்த நிபந்தனைகளில் வரும் விலக்குகளுக்கும், அந்த விதி நியாயமானதென்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஒப்பந்தம் போட்ட நாளின் நிலைமையை வைத்தே அது பார்க்கப்படும். சுமார் 200 பவுண்டு முட்டைக்கோஸ் விதை பொய்த்து 61,000 பவுண்டுக்கு மேல் நஷ்டமான வழக்கில், விதையின் விலையோடு பொறுப்பைச் சுருக்கிய விதி 1983-ல் நியாயமற்றதாகப்பட்டது. விதை விற்றவர்கள் அந்த ஆபத்துக்குப் பெரிய விலையேற்றமில்லாமல் காப்பீடு எடுத்திருக்கலாம் என்பதும் ஒரு காரணம். 2018-ல் குட்லைஃப் ஃபுட்ஸ் வழக்கில் நேர்மாறு. 7,490 பவுண்டுக்குத் தீயணைப்பு அமைப்பு பொருத்தியவர், 66 லட்சம் பவுண்டு கோரிக்கையிலிருந்து தப்பினார். கூடுதல் கட்டணம் கொடுத்தால் காப்பீட்டோடு பொறுப்பேற்கிறோம் என்று அவர் நிபந்தனையிலேயே எழுதியிருந்தது கைகொடுத்தது. என் கட்சிக்காரர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் யோசனை இதுதான்: இரண்டு விலை கொடுங்கள், வரம்பு ஏன் அந்தத் தொகை என்று மின்னஞ்சலில் பதிவு வையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து தொழில் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். அந்தச் சட்டத்தின் 26-ம் பிரிவு, நாடு விட்டு நாடு போகும் சரக்கு ஒப்பந்தங்களுக்கு இந்த நியாயச் சோதனையை எடுத்துவிடுகிறது. திருப்பூரிலிருந்து லண்டனுக்குப் போகும் பனியன் ஆர்டர் பெரும்பாலும் இதில் வரும். 27-ம் பிரிவோ, நீங்களாகத் தேர்ந்தெடுத்ததால் மட்டுமே இங்கிலாந்துச் சட்டம் பொருந்துகிற ஒப்பந்தங்களுக்கும் அப்படியே செய்கிறது. சென்னையிலிருந்தே சேவை தரும் மென்பொருள் நிறுவனத்தின் ஒப்பந்தம் இதில் விழ நல்ல வாய்ப்புண்டு. உங்கள் வரம்பு நியாயமில்லை என்று வாடிக்கையாளர் இந்தச் சட்டத்தைக் காட்டி வாதிட முடியாது. அவர் உங்கள்மேல் திணித்ததைப் பற்றி உங்களாலும் முடியாது.

அதனால் வாடிக்கையாளருக்கு நீங்கள் ஒப்புக்கொண்ட வரம்பையும், உங்கள் கிளவுட் சேவையாளர் உங்களுக்குத் தரும் வரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே ஐந்து லட்சம் பவுண்டு, கீழே ஒரு மாதக் கட்டணம் என்று இருந்தால், நடுவிலுள்ள தொகை முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போகும். அதை உங்கள் தொழில்முறைக் காப்பீடு ஏற்குமா என்று கையெழுத்துக்கு முன்பே காப்பீட்டு முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.