எந்த வழு இருந்தால் வெளியிடக் கூடாது?

கட்டற்ற மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்பு வெளிவரும் நாள் நெருங்கினால் குழுவில் முதலில் எழும் கேள்வி, "இன்னும் எத்தனை வழு பாக்கி?" என்பதுதான். வழு என்றால் மென்பொருளில் உள்ள பிழை, அதாவது 'பக்'. வெளியீட்டுப் பொறுப்பைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். அந்த எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பலர் பயன்படுத்தும் எந்த மென்பொருளிலும் வழுப் பட்டியல் காலியானதே இல்லை. பயனர்கள் கூடக் கூடப் புகாரும் கூடும். பாக்கி இருப்பவற்றில் எது வெளியீட்டை நிறுத்தும் என்றுதான் கேட்க வேண்டும்.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். ஒரு பொதியால் (நிறுவத் தயாராகக் கட்டித் தரும் மென்பொருளால்) பயனரின் தரவு பெரிய அளவில் அழிகிறதா, பாதுகாப்பு ஓட்டை விழுகிறதா, சம்பந்தமே இல்லாத வேறு மென்பொருள் உடைகிறதா? அப்படியானால் அது வெளியீட்டைத் தடுக்கும் வழு. ஐகான் கோணலாக இருந்தால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான ஃபெடோராவிலும் இப்படி ஒரு வரையறை உண்டு. வெளியிடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கவே ஒரு கூட்டம் நடக்கும். 2022 அக்டோபரில் ஃபெடோரா 37 வர வேண்டிய நேரத்தில், இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் மிகக் கடுமையான ஓட்டை இருப்பதாகவும் நவம்பர் 1 அன்று திருத்தம் வரும் என்றும் அறிவிப்பு வந்தது. விவரம் எதுவும் வெளியே தெரியாத நிலையிலும் வெளியீட்டைத் தள்ளிவைத்து, நவம்பர் 15 அன்று கொண்டுவந்தார்கள். ஓட்டை முதலில் பயந்த அளவுக்கு மோசமில்லை என்று பிறகு தெரிந்தது. இருந்தாலும் காத்திருந்தது சரி என்றே சொல்வேன்.

இந்த வரையறையை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். கடைசி வாரத்தில் எல்லோரும் களைத்திருப்பார்கள். பாதிப் பேர் சம்பளமில்லாமல், அலுவலகம் முடிந்து இரவில் உட்காருபவர்கள். "இது சின்ன விஷயம்தானே, விட்டுவிடலாம்" என்ற குரல் அப்போது நியாயமாகவே கேட்கும்.

சோதனையில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று, பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திப் பார்ப்பது. புதிதாக நிறுவிப் பார்த்து "எல்லாம் ஓடுகிறது" என்பவர்கள் நிறையப் பேர். பயனரிடம் இருப்பதோ பல வருடத் தரவு. ஒரு கணக்கு மென்பொருளின் ரிலீஸ் கேண்டிடேட்டை (வெளியீட்டுக்கு முந்தைய கடைசிச் சோதனைப் பதிப்பை) இப்படிச் சோதித்தபோது, 'கோபாலகிருஷ்ணன்' என்ற பெயர் 'கோபாலகிருஷ்ணன' என்று வந்து நின்றது. பழைய பதிப்பு பெயரின் நீளத்தை யுனிகோடு குறிகளாக ('ன்' என்றால் ன, புள்ளி என இரண்டு குறி) எண்ணியது. புதியது பைட்டுகளாக எண்ணி 40இல் வெட்டியது. எழுத்தைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். அந்தப் பெயரில் 14 குறிகள், ஆக 42 பைட்; கடைசிப் புள்ளிக்கு இடமில்லை. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. பார்க்கப் புள்ளிதான், ஆனால் தரவு இழப்பு. வெளியீட்டை நிறுத்தினோம்.

பதிப்பு எண்ணும் ஒரு வாக்குறுதிதான். 2008 ஜனவரியில் லினக்ஸ் மேசைத்தளமான (திரையில் தெரியும் முகப்பு) கேடிஈ 4.0 வந்தபோது, இது முதலில் முயன்று பார்ப்பவர்களுக்கும் நிரலாளர்களுக்கும்தான் என்று அதை உருவாக்கியவர்கள் சொன்னார்கள். ஆனால் எண்ணைப் பார்த்த பயனர்கள் முழுமையான மேசைத்தளத்தை எதிர்பார்த்தார்கள். ஏமாற்றம் நீண்ட நாள் நீடித்தது. தயாராகாததற்கு பீட்டா (சோதனைப் பதிப்பு) என்றே பெயர் வையுங்கள்.

அப்புறம், வெளியீட்டுக்கு நாள் குறித்த பிறகும் நிறுத்தத் தெரிய வேண்டும். 2023 டிசம்பரில் டெபியன் 12.3இன் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி), வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் இஎக்ஸ்டி4 முறையில் உள்ள தரவைக் கெடுக்கும் வழு தெரிந்ததும், நிறுவப் பயன்படும் கோப்புகளான படிமங்களை நிறுத்திவைத்துவிட்டு, டிசம்பர் 10 அன்று நேராக 12.4ஐ வெளியிட்டார்கள்.

உங்கள் திட்டம் சிறியதாக இருந்தால் இத்தனை கூட்டங்கள் வேண்டாம். தடுக்கும் வழு எது என்று நான்கு வரி எழுதி, நிரலோடு சேர்த்தே வையுங்கள். தெரிந்தே விட்ட வழுக்களை வெளியீட்டுக் குறிப்பின் மேலேயே போடுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.