சுடுமண் என்று ஒரு சொல் இருக்கிறது

மேற்கு வங்காளத்துப் பிஷ்ணுபூரில், ராசத் திருவிழாவுக்கென்று கட்டிய ராஸ்மஞ்சா மண்டபத்துக்கு எதிரே புல்தரையில் உட்கார்ந்து, எங்கள் பயணக் குழுவுக்குக் கொடுத்திருந்த தமிழ்க் கையேட்டை அத்தைக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "மல்ல மன்னர்கள் எழுப்பிய புகழ்பெற்ற களிமண் கோயில்கள்" என்று அதில் இருந்தது. அத்தை கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்ப்பா, களிமண்ணுங்கிறான். இத்தன வருஷ மழைக்குக் கரையாமலா நிக்குது?"

கேள்வி சரியானது. கையேட்டின் சொல்தான் தவறு. களிமண் என்று சொன்னால் தமிழ் தெரிந்த எவருக்கும் அந்தக் கேள்விதான் முதலில் எழும். அந்த ராஸ்மஞ்சாவைக் கட்டியவர் மல்ல மன்னர் பீர் ஹம்பீர், ஆண்டு 1600. பக்கத்தில் இருக்கும் ஷ்யாம் ராய் கோயில் 1643. ஜோர் பங்களா 1655. மதன்மோகன் கோயில் 1694. வங்காளத்து மழையை முந்நூறு, நானூறு ஆண்டுகளாக வாங்கிக்கொண்டு நிற்கும் கட்டடங்களைக் களிமண் என்று எழுத எப்படித்தான் கை வருகிறதோ. கையேட்டில் இரண்டு பக்கம் தள்ளி அதே சிற்பங்கள் "செம்மண் கலை" ஆகிவிட்டன. பயணக் காணொளிகளில் "மண் கோயில்" என்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன்.

மூலச் சொல் டெரகோட்டா. இத்தாலிய மொழியில் தெர்ரா என்றால் மண், கோத்தா என்றால் சுட்டது, சமைத்தது. இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை. பிஸ்கட் என்ற சொல்லின் பின்பாதியும் இதே கோத்தாவின் உறவுதான். இருமுறை சுட்டது என்பது அதன் பழைய பொருள். ஆக, டெரகோட்டா என்றால் சுட்ட மண். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

வங்காளிகள் என்ன சொல்கிறார்கள்? போடாமாட்டி. போடா என்றால் சுட்டது, மாட்டி என்றால் மண். கத்தரிக்காயைத் தீயில் வாட்டிப் பிசைவதை அவர்கள் பேகுன் போடா என்பார்கள். நாம் சுட்ட கத்தரிக்காய் என்போமே, அதேதான். தமிழிலும் தோசை சுடுகிறோம், வடை சுடுகிறோம், செங்கல் சுடுகிறோம். அடுப்புக்கும் சூளைக்கும் ஒரே வினைச்சொல். இத்தாலியும் வங்காளமும் தமிழும் இந்தப் பொருளை ஒரே மாதிரிதான் பார்த்திருக்கின்றன. அப்படியிருக்க, சுடுமண் என்ற சொல்லை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவானேன்?

சுடுமண் நேற்று ஆக்கிய சொல்லும் இல்லை. பெரும்பாணாற்றுப்படை காஞ்சியைச் சொல்லும்போது "சுடுமண் ஓங்கிய நெடுநகர் வரைப்பின்" என்கிறது. அங்கே சுடுமண் என்றால் செங்கல். பிஷ்ணுபூருக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்துவதைக் கவனியுங்கள். ஷ்யாம் ராய், ஜோர் பங்களா, மதன்மோகன் மூன்றுமே செங்கல் கோயில்கள். உள்ளே செங்கல், வெளியே முகப்பில் சிற்பம் செதுக்கிச் சுட்ட பலகைகள். இரண்டும் சூளையில் வெந்தவை. பழைய பொருளில் பார்த்தாலும் புதிய பொருளில் பார்த்தாலும் அது சுடுமண் கோயில்தான்.

இன்றைய வழக்கிலும் சொல் உயிரோடுதான் இருக்கிறது. கீழடிச் செய்திகளில் சுடுமண் உறைகிணறு, சுடுமண் பொம்மை என்று நாளிதழ்கள் தடுமாறாமல் எழுதுகின்றன. யாருக்கும் புரியாமல் போகவில்லை. அதே நாளிதழைப் படிக்கிறவர்களுக்கு வங்காளத்துக் கோயிலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சொல் ஏன் களிமண்ணாக மாறுகிறது என்பது எனக்கு விளங்கவே இல்லை.

களிமண் என்று எழுதுவதால் என்ன கெடுகிறது என்று கேட்கலாம். வங்காளத்தில் களிமண் கலை என்று வேறொன்று இருக்கிறது, அதனால்தான் கெடுகிறது. கொல்கத்தாவின் குமர்துளியில் வைக்கோலைக் கட்டி, மேலே மண்ணைப் பூசி, காயவைத்து, வண்ணம் தீட்டி துர்க்கையைச் செய்கிறார்கள். அந்தச் சிலை சூளையைப் பார்ப்பதே இல்லை. பூசை முடிந்ததும் ஆற்றில் கரைத்துவிடுவார்கள்; கரைவதற்கென்றே செய்தது. இது களிமண். பிஷ்ணுபூர்ப் பலகை சூளையில் வெந்தது. ஏறத்தாழ 600 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது மண்ணுக்குள் பிணைந்திருந்த நீரும் போய்விடும். அப்புறம் எத்தனை நாள் தண்ணீரில் ஊறப்போட்டாலும் அது குழையாது. ஒரே மாநிலத்தில் மண்ணையே வைத்து, ஒன்றைக் கரைப்பதற்கும் மற்றொன்றை நிற்பதற்கும் செய்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால் வங்காளத்தின் இரண்டு பெரிய கலைகளும் வாசகர் மனதில் குழம்பிப்போகும்.

நம் ஊர்ப் பழமொழியும் சேர்ந்துகொள்கிறது. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். (அது மண்குதிரை இல்லை, மண் குதிர், அதாவது மணல் திட்டு என்று திருத்துகிறவர்களும் உண்டு. அந்த வழக்கு இப்போது வேண்டாம்.) மண்குதிரை என்றாலே கரைந்துபோகும் குதிரை என்று நம் காதில் பதிந்திருக்கிறது. பிஷ்ணுபூர் இருக்கும் பாங்குரா மாவட்டத்துப் பாஞ்ச்முரா ஊர்க் குயவர்கள் சூளையில் சுட்டுச் செய்யும் குதிரையை மண்குதிரை என்று அச்சடித்தால் அதைச் செய்தவருக்கு நியாயம் செய்ததாகுமா?

களிமண்ணை எளிதாக ஒதுக்கிவிடலாம். செம்மண் அப்படி இல்லை. அதற்கு வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் குழுவிலேயே நிறைய வாசிக்கிற பெரியவர் ஒருவர், "செம்மண் கலை என்றால் பார்த்தவுடனே புரியுமே, அழகாகவும் இருக்கே" என்றார். அவரோடு ரயிலில் பாதி வழி பேசினேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

தமிழில் செம்மண் என்பது தரையில் கிடக்கும் மண். செம்மண் காடு, செம்மண் பாதை, கோலத்துக்குப் போடும் செம்மண் கரை. எல்லாம் சுடாத மண். அந்தச் சொல்லுக்கு அந்த வேலை போதும். அதிலும் பிஷ்ணுபூர் இருப்பது வங்காளத்தின் செம்மண் நாட்டில். ரயிலின் சன்னலில் பார்த்தாலே தெரியும், பாங்குராவை நெருங்க நெருங்க தரை சிவக்கிறது. வங்காளிகளே அதை ராங்கா மாட்டி, சிவந்த மண் என்று தனியாகச் சொல்கிறார்கள். சுட்டதைப் போடாமாட்டி என்று தனியாகச் சொல்கிறார்கள். அந்த ஊரில் நிலத்தைச் சொல்லச் செம்மண் என்ற சொல் வேண்டும். அதை எடுத்துச் சிற்பத்துக்குக் கொடுத்துவிட்டால் நிலத்தை என்னவென்று சொல்வது?

அடுத்தது, பிஷ்ணுபூரில் எல்லாக் கோயிலும் செங்கல் இல்லை. 1658-இல் கட்டிய லால்ஜி கோயில், 1758-இல் கட்டிய ராதேஷ்யாம் கோயில் போன்றவை செம்புரைக்கல்லால் ஆனவை. பூமியிலிருந்து சதுரம் சதுரமாக வெட்டியெடுக்கும், துளைத்துளையான சிவப்புக் கல். புதுக்கோட்டைப் பக்கம் செம்பூரான்கல் என்பார்கள். அது சூளைக்கே போகாதது. ராஸ்மஞ்சாவில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன: கீழே மேடை செம்புரைக்கல், மேலே கட்டடம் செங்கல். இவை எல்லாம் சிவப்புத்தான். நிறத்தை வைத்துப் பெயரிட்டால் கல் கோயிலும் செங்கல் கோயிலும் ஒரே கூடைக்குள் போய்விடும். அந்தக் கையேட்டில் அப்படித்தான் போயிருந்தது. லால்ஜி கோயிலின் படத்துக்குக் கீழேயும் "செம்மண் சிற்பக் கோயில்" என்று போட்டிருந்தார்கள். லால்ஜியில் மிஞ்சியிருக்கும் அலங்காரம் கல்லின் மேல் சுண்ணாம்புச் சாந்தால் செய்தது. அதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது: சுதை. நம் கோபுரங்களில் தினமும் பார்ப்பதுதான். சுடுமண், செம்புரைக்கல், சுதை என்று மூன்று பொருளுக்கு மூன்று சொல் கையில் இருக்கும்போது, மூன்றையும் ஒரே செம்மண்ணில் புதைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்னொன்று. அந்தச் சிவப்பு மண்ணோடு பிறந்த நிறம் இல்லை. தரை சிவப்பாக இருந்தாலும், குயவர் பிசையும் பச்சை மண் பெரும்பாலும் சாம்பலாகவோ பழுப்பாகவோதான் இருக்கும். அதிலுள்ள இரும்பு, தீயில் காற்றோடு சேர்ந்துதான் சிவக்கிறது. அதே மண்ணைச் சூளைக்குள் வைத்து, புகை போகும் வழியை அடைத்துவிட்டால் கறுப்பாக வரும். பாஞ்ச்முராவில் இரண்டு நிறத்திலும் குதிரை செய்கிறார்கள். கடையில் கறுப்புக் குதிரையை எடுத்து அந்தப் பெரியவர் கையில் கொடுத்து, "ஐயா, இதைச் செம்மண் குதிரை என்பீர்களா?" என்று கேட்டேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, இதுக்குச் சுடுமண்தான்" என்றார். சிவப்புக்கும் அதுதான் ஐயா.

சுடுமண் என்றால் வெயிலில் கொதிக்கும் மண் என்று படாதா என்பது அவருடைய கடைசிக் கேள்வி. சுடுமணல் என்பதோடு சேர்த்துக் கேட்டார். இது வினைத்தொகை. சுட்ட, சுடுகின்ற, சுடும் என்று மூன்று காலமும் உள்ளே இருக்கும். சுடுநீர் என்றால் சுட வைத்த நீர் என்று யாரும் விளக்காமலே நமக்குப் புரிகிறது. எந்த இடத்தில் வருகிறது என்பது பொருளைக் காட்டிவிடும். சந்தேகம் தீரவில்லை என்றால் முதல் தடவை மட்டும் "சூளையில் சுட்டெடுத்த சுடுமண்" என்று எழுதிவிட்டுப் போகலாம். சுட்ட களிமண் என்று எழுதுகிறவர்களோடும் எனக்குப் பெரிய சண்டை இல்லை. அது பிழையில்லை, நீளம் மட்டும்தான். டெரகோட்டா கம்மல் என்று கடையில் கேட்கிறவரையும் நான் குறை சொல்லமாட்டேன். வாயில் ஏறிவிட்ட சொல். எழுத உட்கார்ந்தவர், அதற்காகக் கூலி வாங்குகிறவர், ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா?

யோசிக்காமல் எழுதுவது இந்த ஒரு சொல்லோடு நிற்பதில்லை. ஜோர் பங்களா கோயிலைக் கையேடு "இரட்டை மாளிகைக் கோயில்" என்கிறது. நம் ஊரில் பங்களா என்றால் பணக்காரர் வீடு, அதனால் மாளிகை ஆக்கிவிட்டார்கள். வங்காளத்தில் பங்களா என்றால் அந்த நாட்டு முறையில் வேய்ந்த குடிசை. மூங்கில் வளைந்து கொடுப்பதால் கூரையின் விளிம்பு வில்லாக வளைந்து இறங்கும். வெள்ளைக்காரர் அதைப் பார்த்துத் தங்கள் வீட்டுக்குப் பெயராக்கி, அது சுற்றி நம்மிடம் வரும்போது பங்களா பெரிய வீடாகிவிட்டது. ஜோர் பங்களாவில் அப்படி இரண்டு குடிசைக் கூரைகளை ஒட்டவைத்து, நடுவில் சிறு கோபுரம் வைத்திருக்கிறார்கள். குடிசையைச் செங்கல்லில் கட்டிக் கடவுளைக் குடிவைத்ததுதான் அந்தக் கோயிலின் அழகே. அதை மாளிகை என்று பெயர்த்தால் மிச்சம் என்ன இருக்கிறது? இரட்டைக் குடில் கோயில் என்று எழுதியிருக்கலாம். ஜோர் பங்களா என்றே விட்டிருந்தாலும் பாதகமில்லை.

பார்க்காமல் மொழிபெயர்ப்பதால்தான் இதெல்லாம் நேர்கிறது என்று நினைக்கிறேன். ஷ்யாம் ராய் கோயிலில் ராசமண்டலப் பலகை ஒன்று இருக்கிறது. நடுவில் ராதையும் கண்ணனும், சுற்றிலும் வட்டம் வட்டமாகக் கைகோத்து ஆடும் உருவங்கள். கிட்டே போய்ப் பார்த்தால் பலகைக்கும் பலகைக்கும் இடையே இணைப்புக் கோடு தெரியும். ஈரம் வற்றி இறுகிய பதத்தில் செதுக்கி, தனித்தனியாகச் சுட்டு, சாந்து வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். சூளையில் மண் சுருங்கும். அந்தச் சுருக்கத்தையும் கணக்கில் எடுத்து, வட்டம் பிசகாமல் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் பார்த்தவர் களிமண் என்று எழுதமாட்டார். தீதான் அங்கே பாதி வேலையைச் செய்திருக்கிறது. பிற்காலத்தில் ஊரின் நெசவாளர்கள் இந்த உருவங்களைப் பாலுச்சரி சேலையின் முந்தானைக்கும் கொண்டுபோனார்கள். அந்தச் சேலையைப் பற்றிய பத்தியிலும் நம் கையேடு "களிமண் வடிவங்கள் நெய்த பட்டு" என்று எழுதியிருந்தது. பட்டில் களிமண்! அதை அத்தைக்கு நான் வாசிக்கவில்லை.

கிளம்பும் நாள் அத்தை ஒரு கறுப்புக் குதிரை வாங்கினார், முழங்கை உயரம். கடைக்காரர் அதன் வயிற்றில் விரல் கணுவால் தட்டிக் காட்டினார், கணீரென்றது. வெந்திருக்கிறது என்பதற்கு அவர் தந்த சான்று அது. பாஞ்ச்முராக் குதிரைக்குக் காதும் வாலும் தனியாகச் செய்து செருகுவார்கள். அவற்றைக் கழற்றித் தாளில் சுற்றித் தனியாகக் கொடுத்தார். ரயிலில் சுமை தூக்குகிறவர் போட்டு உடைத்துவிடப்போகிறார் என்ற பயத்தில், அட்டைப்பெட்டியின் மேல் என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதச் சொன்னார் அத்தை. ஹவுராவில் அதை யார் வாசிக்கப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பேனாவை எடுத்தேன். அவரே சொல்லச் சொல்ல எழுதினேன்: "சுடுமண் குதிரை. காது தனியா இருக்கு."