ஃபேன் வாங்கினாலும் மென்பொருளைப் பற்றிக் கேளுங்கள்

மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோலர் போர்டுகளுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை, அம்பத்தூர் தொழிற்பேட்டையில். மென்பொருள் என்றாலே ஓஎம்ஆர் கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்து வெளிநாட்டு வங்கிகளுக்கு எழுதுவதுதான் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். ஆனால் இப்போது அது வீட்டு ஃபேனுக்குள்ளும் வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்குள்ளும் இருக்கிறது, கடையில் மட்டும் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

ஃபேனையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், எலக்ட்ரானிக் போர்டு வைத்து மோட்டாரை ஓட்டும் புது வகையான பிஎல்டிசி ஃபேன் ஏறக்குறைய அதே காற்றை 30 வாட்டில் தந்துவிடும். எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் போகவேண்டும் என்பதை நொடிக்குப் பல ஆயிரம் முறை கணக்குப் போட்டுத் தீர்மானிப்பது ஒரு சின்னச் சிப்பில் ஓடும் மென்பொருள். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனில் மட்டும் மாதம் 20 யூனிட் மிச்சம் என்றால், வருஷம் முழுக்கப் புழுங்கும் சென்னையில் இது பெரிய விஷயம், தாராளமாக வாங்குங்கள். (மாட்டும்போது சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், அது இந்தப் போர்டுக்கு ஆகாது.)

சிக்கல் பழுதாகும்போதுதான். பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் தெருமுனை எலக்ட்ரீஷியன் கண்டன்சரை மாற்றிவிட்டுப் போய்விடுவார், அதற்கு எந்தக் கம்பெனி கண்டன்சர் என்றுகூடப் பார்க்கவேண்டியதில்லை. பிஎல்டிசியில் போர்டு போனால் பெரும்பாலும் அந்த மாடல் போர்டேதான் வேண்டும், ஏனென்றால் அந்த மோட்டாருக்கென்றே எழுதிய மென்பொருள் அதில்தான் இருக்கிறது. இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதனால் வாரன்டி எத்தனை வருஷம் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வாரன்டி முடிந்த பிறகு இந்த மாடலுக்குத் தனியாகப் போர்டு கிடைக்குமா, இன்றைய விலை என்ன என்று கேட்டு, பதிலை பில்லிலோ மெயிலிலோ எழுதி வாங்குங்கள்.

வண்டிகளில் இந்த மாற்றம் இன்னும் வேகமாக வந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமானதும் கிட்டத்தட்ட எல்லா பைக்கிலும் கார்புரேட்டர் போய், சென்சார்களைப் பார்த்துப் பெட்ரோலை அளந்து விடும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. புகை நிஜமாகவே குறைந்தது. ஆனால் காதால் கேட்டே கோளாறைச் சொல்லும் நல்ல மெக்கானிக்குகூட இப்போது ஸ்கேனர் வேண்டும், சில வண்டிகளுக்கு அந்த ஸ்கேனர் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மட்டும்தான் இருக்கிறது. இது எனக்கு நியாயமாகவே படவில்லை. மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' (பழுதுபார்க்கும் உரிமை) என்ற இணையதளத்தைத் தொடங்கியது, சில கம்பெனிகள் தங்கள் பழுதுபார்ப்பு விவரங்களை அதில் தந்திருக்கின்றன, வாங்குவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். உதிரிபாகம் தரமாட்டோம் என்று அலைக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யலாம்.

உள்ளே மென்பொருள் என்ன செய்கிறது என்பது திறந்து பார்த்தாலும் தெரியாது. ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களில் இருந்த மென்பொருள், சோதனைக்கூடத்தில் ஓடுகிறோம் என்று தானே கண்டுபிடித்து அப்போது மட்டும் புகையைக் குறைத்தது. 2015இல் அது வெளியே வந்தபோது உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள் அப்படி ஓடிக்கொண்டிருந்தன. பானெட்டைத் திறந்து பார்த்த எந்த மெக்கானிக்கும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அதனால்தான் இதைச் சோதிக்கிற ஆட்களும் சட்டமும் வேண்டும் என்று சொல்கிறேன்.

அப்புறம் கேமரா. வாசலில் சிசிடிவி மாட்டாத அபார்ட்மென்ட் இன்று அபூர்வம், அதில் கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றியவர்கள் அதைவிட அபூர்வம். 2016இல் 'மிராய்' என்ற வைரஸ் இப்படிப்பட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே பெரிய இணையதளங்களை முடக்கியது. பிரிட்டனில் 2024 ஏப்ரலில் இருந்து எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்கக் கூடாது, பாதுகாப்பு அப்டேட் எத்தனை காலம் தருவோம் என்பதையும் விற்கும்போதே சொல்லவேண்டும் என்று சட்டம். அதே கேள்வியை நீங்கள் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் நின்றும் கேட்கலாம். கடைக்காரர் முழித்தால் வேறு பிராண்டைப் பாருங்கள். நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்யுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், கம்பெனி சர்வரை மூடிவிட்டால் ஆப்பை மட்டுமே நம்பியிருக்கும் பொருள் அன்றோடு சரி.

பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டரையோ கேமராவையோ கைமாற்றும்போது ஆப்பில் இருந்து பழைய கணக்கை நீக்கிவிட்டீர்களா என்று இரண்டு பக்கமும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆர்சி புத்தகத்தில் பெயர் மாறிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். கணக்கு மாறாவிட்டால், வண்டி எங்கே நிற்கிறது என்று விற்றவர் தன் போனில் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியும்.