மெஷின் வாங்குமுன் சுற்றாடல் அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள்

கொழும்பில் முலாம் பூசும் பட்டறையோ துணி சாயமிடும் ஆலையோ போட நினைப்பவர்கள் முதலில் மெஷின் விலையை விசாரிக்கிறார்கள், அப்புறம் இடம் தேடுகிறார்கள், கழிவு வெளியேற்றும் தொழில்களுக்குத் தேவையான சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் ஞாபகத்துக்கு வருவது கடைசியில்தான். கடுவெலப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் தொட்டிகளை எல்லாம் பொருத்திய பிறகே விண்ணப்பித்தார். கழிவுநீரைச் சுத்திகரிக்க ஒரு மூலைகூட மிச்சமில்லை, பக்கத்துக் காணியை வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று.

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988 இல் வந்த திருத்தம்தான் இந்த அனுமதிப்பத்திரத்தைக் கொண்டுவந்தது. வர்த்தமானியில் (அரசிதழில்) குறித்திருக்கும் தொழில்கள் மாசின் அளவைப் பொறுத்து ஏ (அதிகம்), பி, சி (குறைவு) என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன. சி என்றால் அனுமதிப்பத்திரம் கொடுப்பது உங்கள் மாநகரசபை அல்லது பிரதேச சபை, மற்ற இரண்டுக்கும் பத்தரமுல்லையில் உள்ள மத்திய சுற்றாடல் அதிகாரசபை. பியகம போன்ற ஏற்றுமதி வலயத்துக்குள் என்றால் முதலீட்டுச் சபையிடம் போக வேண்டும். பரிசோதனைக் கட்டணம் முதலீட்டுத் தொகையைப் பொறுத்தது.

சரி, செலவு எங்கே கூடுகிறது? ஆற்றில் விடும் தொழிற்சாலைக் கழிவுநீரில் உயிரியல் ஒட்சிசன் தேவை (அழுக்கை நுண்ணுயிர்கள் சிதைக்க எடுக்கும் ஒட்சிசன்) லீற்றருக்கு 30 மில்லிகிராமையும் இரசாயன ஒட்சிசன் தேவை (அதை இரசாயன முறையில் சிதைக்க வேண்டிய ஒட்சிசன்) 250 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது என்று 2008 வர்த்தமானி பொதுவான வரம்பு வைத்தது. கொழும்புக்கான குடிதண்ணீரில் பெரும்பகுதியைக் களனி கங்கையிலிருந்துதான், அம்பத்தளை போன்ற இடங்களில், எடுக்கிறார்கள் என்பதால் இந்த எண்களை நான் கடுமை என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லா அழுக்கையும் குழாயின் கடைசி முனையில் பிடிக்கப் பார்த்தால் பெரிய தொட்டி, மருந்து, மின்சாரம், சேறு அகற்றும் கூலி என்று செலவு மாதாமாதம் தொடரும்.

அதனால் அழுக்கைக் குறைக்க வேண்டிய இடம் செய்முறைக்குள்ளேயே இருக்கிறது. முலாம் பூசும் நிக்கல் தொட்டியிலிருந்து தூக்கிய பொருளை உடனே அலசாமல் கொஞ்ச நேரம் தொட்டிக்கு மேலேயே தொங்கவிட்டாலே வடியும் கரைசல் திரும்பத் தொட்டிக்குள் விழும், வாங்கிய நிக்கலும் மிஞ்சும், கழிவில் உலோகமும் குறையும். அலசும் தொட்டி ஒன்றுக்குப் பதிலாக இரண்டு வைத்து, பொருள் ஒரு பக்கமாகவும் தண்ணீர் எதிர்ப்பக்கமாகவும் போகும்படி அமைத்தால் அதே சுத்தத்துக்குத் தேவையான தண்ணீர் பல மடங்கு குறைகிறது, சுத்திகரிப்புத் தொகுதியும் சிறியதாகப் போதும். இரண்டாவது தொட்டியின் விலையைப் பார்த்துப் பின்வாங்குபவர்கள் தண்ணீர்க் கட்டணத்தையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இடத்துக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்பே தொழிலின் விவரம், பாவிக்கும் இரசாயனங்களின் பட்டியல், நாளொன்றுக்கு வெளியேறும் தண்ணீரின் அளவு மூன்றையும் எழுதிக்கொண்டு அதிகாரசபைக்குப் போய் அந்த இடம் சரிவருமா என்று கேளுங்கள். அனுமதிப்பத்திரம் காலவரையறை உள்ளது, முடிவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். மறுத்துவிட்டால் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம், அந்த உரிமை சட்டத்திலேயே இருக்கிறது.