நேராக வீசிய தட்டு கடைசியில் ஏன் இடப்பக்கம் போகிறது?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "வீட்டுப் பக்கத்தில் மரங்கள் அடர்ந்த பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறேன். கூடையைப் பார்த்து நேராகத்தான் வீசுகிறேன். முக்கால் தூரம் ஒழுங்காகப் போய்விட்டு, கடைசியில் இடப்பக்கம் வளைந்து அதே மரத்தில் போய் அடிக்கிறது. மரத்துக்குள் காந்தம் வைத்திருக்கிறார்களா?"

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு: பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் கூடை, எவ்வளவு குறைந்த வீச்சில் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. முதல் நிரந்தர ஆடுகளத்தை 1975-ல் எட் ஹெட்ரிக் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம். தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

சரி, கேள்விக்கு வருவோம். வலது கைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கைப் பக்கமாக, வீசினால் தட்டு மேலிருந்து பார்க்க கடிகார முள் போலச் சுழலும். நல்ல வீச்சில் நொடிக்கு 15, 20 சுற்று. தட்டு பறப்பது விமான இறக்கை பறக்கிற அதே காரணத்தால், காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று அதை மேலே தள்ளுகிறது. இது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான், நிற்க வேண்டாம். நிற்க வேண்டிய இடம் வேறு. அந்த மேல்நோக்கிய தள்ளல் தட்டின் எந்தப் புள்ளியில் விழுகிறது?

நடுவில் விழுந்தால் எந்த வம்பும் இல்லை. ஆனால் விழுவதில்லை. தட்டு வேகமாக, காற்றைக் கிட்டத்தட்ட விளிம்போடு கிழித்துக்கொண்டு போகும்போது தள்ளல் நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும், அதனால் மூக்கு, அதாவது தட்டின் முன்விளிம்பு, கீழே இறங்கப் பார்க்கும். மெதுவாகிக் கீழே இறங்கத் தொடங்கியதும் தள்ளல் முன்னால் நகர்ந்துவிடும், மூக்கு மேலே தூக்கப் பார்க்கும். சுழற்சி இல்லாமல் ஒரு தட்டை வீசிப் பாருங்கள், நாலு மீட்டருக்குள் குட்டிக்கரணம் அடித்து விழும். இந்த இழுபறிதான் காரணம்.

சுழலும் தட்டு குட்டிக்கரணம் அடிப்பதில்லை. அப்படியானால் அந்தத் தள்ளல் எங்கே போகிறது? எத்தனை முறை யோசித்தாலும் எனக்குச் சலிக்காத இடம் இது. தட்டின் மூக்கில் ஒரு புள்ளி மை வைத்துக்கொள்ளுங்கள். காற்று மூக்கை மேலே தள்ளுகிறது, புள்ளியும் மேலே போகும் வேகத்தைப் பெறுகிறது. ஆனால் வேகம் கிடைத்த கணத்திலேயே அது உயரத்துக்குப் போய்விடாது, போவதற்கு நேரம் வேண்டும், அந்த நேரத்துக்குள் சுழற்சி அதை மூக்கிலிருந்து வலப்பக்கத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. கால் சுற்று முடிந்து வலப்பக்கம் வந்து சேரும்போதுதான் புள்ளி உச்சத்தில் இருக்கும். அதற்குப் பின்னால் மூக்குக்கு வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் இதே கதை. ஆக, தள்ளியது மூக்கை, உயர்வதோ வலது விளிம்பு. வலது உயர்ந்தால் தட்டு இடப்பக்கம் சாயும், சாய்ந்த தட்டை காற்று இடப்பக்கமாகத் தள்ளும். உங்கள் மரம் அங்கேதான் நிற்கிறது.

பம்பரம் சாய்ந்தபடி விழாமல் தலையைச் சுற்றிச் சுற்றி ஆட்டுவதும் இதே கால் சுற்றுத் தாமதத்தால்தான். வீச்சின் தொடக்கத்தில் இதே விளைவு தலைகீழாக நடக்கும்: மூக்கு கீழே தள்ளப்படுவதால் வலது விளிம்பு தாழ்ந்து தட்டு கொஞ்சம் வலப்பக்கம் போகும். ஆட்டக்காரர்கள் முதல் வளைவை டர்ன் என்பார்கள், கடைசி வளைவை ஃபேடு. பல தட்டுகளின் மேல் இரண்டுமே எண்களாக அச்சிடப்பட்டிருக்கும்.

இன்னொரு அழகும் இருக்கிறது. பறக்கும்போது சுழற்சி தட்டின் சாய்வை ஓரளவு கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது, மூக்கு கிட்டத்தட்ட ஒரே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் பாதை கீழ்நோக்கி வளைகிறது. அதனால் எதிரே வந்த காற்று மெல்ல மெல்ல அடியிலிருந்து வருகிறது. தள்ளல் முன்னால் நகர்வது அதனால்தான். முதலில் டர்ன், அப்புறம் ஃபேடு என்ற வரிசை மாறாததற்கும் அதுவே காரணம்.

எதிர்காற்றில் வீசினால் தட்டு வலப்பக்கம் அதிகம் போகும். காற்று தட்டை ஒதுக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தட்டுக்குத் தெரிவது தன்மேல் மோதும் காற்றின் வேகம் மட்டுமே, எதிர்காற்றில் அது கூடுகிறது, டர்ன் நீளுகிறது, அவ்வளவுதான்.

இப்போது மரங்கள். "மரம் என்பது தொண்ணூறு சதவீதம் காற்று" என்று டிஸ்க் கோல்ஃப் ஆட்களிடையே ஒரு பழைய நக்கல் உண்டு. உண்மை இன்னும் மோசம். ஐந்துக்கு ஐந்து மீட்டர் இடத்துக்கு ஒரு மரம், தண்டின் குறுக்களவு 30 செ.மீ. என்று வையுங்கள். தண்டுகள் தரையில் பிடித்திருக்கும் இடம் அரை சதவீதம்கூட வராது. ஆனால் 21 செ.மீ. அகலத் தட்டு, தண்டையும் சேர்த்து 51 செ.மீ. அகலப் பட்டையாக இடத்தை அடைக்கிறது. வாயு மூலக்கூறுகள் மோதிக்கொள்வதற்குப் போடும் அதே கணக்கைப் போட்டால், மோதாமல் போகும் சராசரி தூரம் ஏறக்குறைய 49 மீட்டர். 75 மீட்டர் வீசினால் ஐந்தில் ஒரு வீச்சுதான் தப்பிக்கும். ஆடுகளத்தில் மரம் வெட்டி ஒழுங்கு செய்த பாதை இருக்கும்வரை கவலையில்லை. ஃபேடு உங்களைப் பாதையை விட்டு வெளியே தள்ளும் நொடியில் இந்தக் கணக்கு வேலையைத் தொடங்கிவிடும்.

சிலர் இதற்கு ராசியான தட்டு வைத்திருப்பார்கள். கேலி செய்யப் போனேன், பிறகு அடங்கிவிட்டேன். மரத்தில் அடிபட்டு அடிபட்டு விளிம்பு தேய்ந்த தட்டுக்கு டர்ன் கூடி ஃபேடு குறையும், புதுத் தட்டைவிட நேராகவே போகும். ராசி என்று அவர்கள் சொல்வது தேய்மானம். காரணத்தைத் தவறாகச் சொன்னாலும் விளைவைச் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள், மூடநம்பிக்கைகளில் இது அபூர்வம்.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க கடற்படை, வானில் வெளிச்சம் போடும் எரிகுண்டுகளை ஃபிரிஸ்பீ போலப் பறக்கவிட முடியுமா என்று ஆராய்ந்தது. விளையாட்டுப் பொருளுக்கு அரசுப் பணமா என்று கேட்பவர்களை எனக்குப் புரிகிறது, ஆனால் சுழலும் தட்டின் மேல் அழுத்தம் எங்கே விழுகிறது என்று காற்றுச் சுரங்கத்தில் அளக்க யாராவது கொஞ்சம் பணம் தர வேண்டும், உடனடி லாபம் பார்க்கிறவர்கள் தரமாட்டார்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? டிரைவரை, அதாவது நெடுந்தூரம் போவதற்கான கூர் விளிம்புத் தட்டை, வீசுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 1983-ல் தட்டு வடிவமைப்பாளர் டேவ் டுனிபேஸ் கொண்டுவந்த இந்தச் சாய்வு விளிம்பு, வேகமாக வீசுகிறவர்களுக்கு வரம். கை வேகம் போதாதவர் வீசினால் தட்டு டர்ன் கட்டத்துக்கே போகாமல் நேரே ஃபேடில் தொடங்கிவிடும். மெதுவான வீச்சுக்கு ஏற்ற மிட்ரேஞ்ச் அல்லது பட்டர் வகைத் தட்டை எடுங்கள், தூரம் பத்து மீட்டர் குறையலாம். அதற்கும் மசியவில்லை என்றால் ஃபோர்ஹேண்டில், அதாவது உள்ளங்கைப் பக்கமாக, வீசுங்கள், சுழற்சி எதிர்த்திசை ஆகிவிடும், ஃபேடு வலப்பக்கம் வரும். அந்தப் பக்கமும் ஒரு மரம் நிற்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.