லட்ச ரூபாய் கிட்டாரும் முதல் ஃபிரெட்டும்

ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் இந்தக் கேள்வி வாட்ஸ்அப்பில் வரும். முதலில் ஒரு படம், பளபளவென்று ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார். அடுத்து விலை. அதற்குக் கீழே, "அண்ணே, இது வொர்த்தா?"

மதுரையில் கிட்டார் செட்டப்பும் (வாசிக்கத் தோதாகச் சரிசெய்வது) ரிப்பேரும் பார்க்கத் தொடங்கி 17 வருஷம் ஆகிறது. இப்படிக் கேட்பவர்களில் வாசித்துச் சம்பாதிப்பவர்கள் குறைவு. வேலை முடிந்து வந்து முக்கால் மணி நேரம் வாசிப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பவர்கள்தான் அதிகம். எல்லாருக்கும் நான் அனுப்பும் பதில் ஒன்றுதான்: "இப்ப கையில இருக்குறதை எடுத்துட்டு வாங்க."

போன தை மாதம் திருமங்கலத்திலிருந்து ஒரு வங்கி ஊழியர் அப்படி எடுத்து வந்தார். 14,000 ரூபாய் கிட்டார். "சுருதியே நிக்கல சார், மாத்திரலாம்னு இருக்கேன்" என்றார். 1,30,000 ரூபாயில் ஒன்றைப் பார்த்துவைத்து, மாதத் தவணைக் கணக்கும் போட்டு முடித்திருந்தார். ட்யூனரை மாட்டிப் பார்த்தேன். அழுத்தாமல் மீட்டினால் ஆறு கம்பியும் சரியாக நின்றன. முதல் ஃபிரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளில் முதலாவதில், விரலை வைத்தால் ஆறும் சுருதி ஏறின.

கோளாறு நட்டில். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சின்ன வெள்ளைத் துண்டுதான் நட். அதில் கம்பிக்கான பள்ளங்களை ஆழமாக அறுக்காமல் விட்டிருந்தார்கள். கம்பி உயரத்தில் நிற்கிறது. விரல் அதைக் கீழே தள்ளும்போது இழுபடுகிறது. இழுபட்டால் சுருதி ஏறத்தானே செய்யும்? கீழிருந்து மூன்றாவது கம்பிக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. கம்பியை முறுக்கும் பிருடையைத் திருகினால் முதலில் ஒன்றும் நடக்காது, அப்புறம் 'டிக்' என்று ஒரு சத்தம், சுருதி ஒரேயடியாகத் தாண்டிப் போகும். பள்ளம் கம்பியைக் கவ்விப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கம்பி கனத்துக்கு ஏற்ற அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு, கம்பியைத் திரும்ப உட்காரவைத்து மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தி, முதல் ஃபிரெட்டுக்கு மேலே காகிதக் கனத்துக்கு இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பது, மறுபடியும் ஒரு இழுப்பு. கடைசியில், கம்பி வழுக்கட்டும் என்று பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்துவிட்டேன். நாற்பது நிமிஷம். கூலி 1,200 ரூபாய், ஸ்ட்ரிங் தனி. அவர் சி கார்டு என்ற சுரக்கூட்டைப் பிடித்து ஒரு தரம் மீட்டினார். உடனே இன்னொரு தரம் மீட்டினார். தவணையைப் பற்றி அன்றைக்கு அப்புறம் பேசவில்லை.

அந்தக் கிட்டார் மோசமில்லை, முடிக்காமல் விட்ட வேலை. இன்றைக்கு விலை குறைந்த கிட்டாரின் மரத்தையும் கணினி இயந்திரம்தான் வெட்டுகிறது. அளவில் பெரிய பிழை வருவதில்லை. ஃபிரெட்டுகளை ஒரே மட்டமாகத் தேய்ப்பது, ஓரங்களை உருட்டுவது, நட்டை அறுப்பது எல்லாம் பெரும்பாலும் மனிதக் கை செய்ய வேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடிக்கும். விலையைக் குறைக்க நினைக்கிற தொழிற்சாலை அந்த நேரத்தில்தான் கை வைக்கும். அடுத்தபடியாக ஸ்விட்ச், ஜாக், பிருடை.

சத்தம் என்று வந்தால், எலெக்ட்ரிக் கிட்டார் தனியாக ஒரு வாத்தியமே இல்லை. பாதி வாத்தியம், சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்தான். பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பியும். எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைந்து மின்சாரம் பிறக்கிறது. மரத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிக்கப்பையும் ஸ்பீக்கரையும் மாற்றினால் கேட்கிற வித்தியாசத்துக்கு முன்னால் அது சின்னது. கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கரில் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தம் வேகமாகக் குறைந்துவிடும். நாம் 'கிட்டார் சத்தம்' என்று பழகியிருப்பதே அந்த வடிகட்டல்தான். ரெண்டு லட்ச ரூபாய் கிட்டாரை 4,000 ரூபாய் ஆம்பில் செருகினால் கேட்பது 4,000 ரூபாய் சத்தம். இப்படி ஒருவர் அண்ணா நகரிலிருந்து வந்து, கிட்டாரில் ஏதோ குறை என்று என்னோடு ஒரு மணி நேரம் வாதாடினார்.

செல்லூரில் ஒரு தம்பி 'உம்'மென்ற இரைச்சல் தாங்காமல் கிட்டாரையே மாற்றினான். ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலையும் பிடிக்கும், உண்மைதான். அதைத் தவிர்க்கத்தான் கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் செத் லவர் 1955-இல் இரட்டைக் காயில் ஹம்பக்கரை உருவாக்கினார். தம்பி வாங்கியதும் ஹம்பக்கர் வைத்ததுதான். இரைச்சல் குறைந்தது, நிற்கவில்லை. போய்ப் பார்த்தால் அந்த ஓட்டு வீட்டில் எர்த்தே இல்லை. இது சத்தத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. கிட்டார் கம்பிகள் ஒயர் வழியாக ஆம்பின் உலோகக் கூட்டோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத வீட்டில் ஆம்பில் கசிவு வந்தால் அது உங்கள் விரலுக்கு வரும். கிட்டார் வாங்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். சித்திரையில் காற்று காய்ந்தால், ஃபிரெட்டுகள் பதித்த ஃபிரெட்போர்டு மரம் அகலத்தில் சுருங்கும், உலோக ஃபிரெட் சுருங்காது. கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினால் அரம் மாதிரி கீறும். ஐப்பசி மழையில் மரம் மறுபடி ஊதும், கழுத்து வளையும், கம்பி உயரம் மாறும். லட்ச ரூபாய்க் கழுத்தும் மரம்தான். (மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம்ம ஈட்டி மரம்தான் உலகம் பூராவும் எத்தனையோ கிட்டார்களின் ஃபிரெட்போர்டு. ஊர் சுற்றிவிட்டு பத்து மடங்கு விலையில் திரும்பி வரும்.) மே மாதம் காருக்குள் கிட்டாரை வைத்துவிட்டு மாட்டுத்தாவணியில் யாரையாவது வழியனுப்பப் போகாதீர்கள்.

சரி, விலைக்கு வருகிறேன். 10,000 ரூபாய்க்குக் கீழே வாங்கினால் ரிப்பேரே பெரும்பாடு. 15,000-க்கும் 35,000-க்கும் இடையே உள்ள வித்தியாசம் கையில் தெரியும், கொடுக்கலாம். அங்கிருந்து 80,000 வரை தரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். லட்சத்தைத் தாண்டினால் நேர்த்தி, பெயர், மனசு நிறைவு. வாசிப்பில் கூடுவது சொற்பம். பொழுதுபோக்குக்கு வாசிப்பவருக்கு நான் சொல்வது 30,000 ரூபாய் கிட்டார், அதே அளவு கவனத்தோடு தேர்ந்த ஆம்ப், ஒரு நல்ல செட்டப்.

குயீன் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டத்தைக் கொண்டு 1963-இல் அப்பாவோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய கிட்டாரைத்தான் வாழ்நாள் முழுக்க வாசித்திருக்கிறார். இதைச் சொல்லி எதை வாங்கினாலும் சரி என்பவர்கள் உண்டு. அந்த அப்பா ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

ஆசை தப்பா என்றால், இல்லை. நானும் 2011-இல் சேமிப்பைப் போட்டு ஒன்று வாங்கினேன். கீறல் விழுமோ என்று கச்சேரிக்கு எடுத்துப் போகவில்லை, ஏசி இல்லாத அறையில் வைக்கவும் மனசில்லை. பெட்டிக்குள்ளேயே மூன்று வருஷம். விற்கலாம் என்றால் மதுரையில் அந்த விலைக்கு ஆள் இல்லை. சென்னையில் ஒருவர் முக்கால் விலைக்குக் கேட்டார், கொடுத்துவிட்டேன். கையில் பணம் இருந்து, கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். தவணையில் மட்டும் வேண்டாம்.

இப்போது என் மேசையில் ரெண்டு கிட்டார் கிடக்கின்றன. ஒன்று 1,80,000 ரூபாய். நாலு வருஷம் ஆகியும் ஃபிரெட்டுகள் கண்ணாடி மாதிரி இருக்கின்றன, ஸ்ட்ரிங் மட்டும் துருப்பிடித்திருக்கிறது. இன்னொன்று மேலூர் பக்கம் ஒரு டீச்சருடையது, 16,000 ரூபாய். முதல் மூன்று ஃபிரெட்டுகளில் கம்பிக்குக் கம்பி குழி. ஜி, சி, டி கார்டுகளை எங்கே பிடிக்கிறார் என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஃபிரெட் மாற்ற 6,000 ஆகும் என்றேன். "இந்த கிட்டாருக்கு அவ்வளவு போடணுமா சார்?" என்று கேட்டார். போடலாம் டீச்சர் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.